சோறு சரியில்லை

வெளிநாட்டுச் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் நாம் சமையற்காரரைச் சந்தேகிப்பதில்லை. நம் நாக்கைத்தான் சந்தேகிக்கிறோம். இட்லி கல்லாக இருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறவர்கூட, பாஸ்தா வேகாமல் வந்தால் ‘அவங்க ஊர்ல இப்படித்தான் போலிருக்கு’ என்று மென்று விழுங்கிவிடுவார். இந்தத் தயக்கத்தையே முதலாக வைத்துப் பல கடைகள் நடக்கின்றன என்பது என் எண்ணம். சூஷி விஷயத்திலாவது நாம் அப்படித் தயங்க வேண்டியதில்லை. அது சோற்றுச் சமாச்சாரம்.

கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன். வாகன உதிரிபாகக் கம்பெனி வேலையாக நகோயாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பானிய ஆலைகள் வந்த பிறகு, அங்கிருந்து வந்த எஞ்சினியர்கள் வேலை முடிந்து உட்கார்ந்து சாப்பிடுகிற கடைகள் சென்னையில் முளைத்தன. அவன் என்னை அழைத்துப் போனது அந்த ரகம் இல்லை. அவனுக்குப் பதவி உயர்வு. மகள் இன்ஸ்டாகிராமில் பார்த்துச் சொன்ன கடை.

கறுப்புச் சுவர், காகித விளக்கு, மெனுவைப் படிக்க போனில் டார்ச் அடிக்க வேண்டிய இருட்டு. நடுவில் ஒரு மூங்கில் குழாய்: தண்ணீர் நிரம்பியதும் சாய்ந்து கொட்டிவிட்டு, திரும்பி வந்து கல்லில் ‘டொக்’ என்று அடிக்கும். ஜப்பானில் இது முதலில் வயலில் புகும் மானையும் காட்டுப்பன்றியையும் மிரட்ட வைத்த பொறி. பிறகுதான் தோட்டத்து அலங்காரமானது. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர்கள் காதருகே அதை ஏன் வைத்தார்கள் என்று யோசித்தேன். மெனுவின் தலைப்பில் ஜப்பானியப் பாரம்பரியம் என்று இருந்தது. முதல் அயிட்டம், மயோனைஸ் பூசிய சால்மன். பச்சை சால்மனை ஜப்பானியர் முன்பெல்லாம் பொதுவாகத் தொடமாட்டார்கள், புழு பயம். 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை விற்க மெனக்கெட்டு அலைந்து பழக்கிவிட்ட பண்டம் அது. என் வயசுக்கும் சின்னப் பாரம்பரியம்.

தட்டு வந்தது. கீழே டிரை ஐஸ் போட்டு, புகை மேசை மேல் வழிய வழிய வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம்.

நிகிரி என்பது ஒரு சின்னச் சோற்றுப் பிடி, மேலே ஒரு துண்டு மீன். மீனை மட்டும் சீவி வைத்தால் அது சாஷிமி. வினிகரும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த சோறு சேர்ந்தால்தான் சூஷி. அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். எடுக்கும்போது உதிரக் கூடாது, வாயில் போட்டதும் உதிர வேண்டும். எங்களுக்கு வந்தது இரண்டு இடத்திலும் உதிரவில்லை. சில்லென்று, விறைத்து, பருக்கை பருக்கையாகப் பல்லில் நின்றது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவன் அவன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. கூப்பிட்டவன் அவனாயிற்றே! இரண்டு பேரும் மரியாதையாக மென்றுகொண்டிருந்தோம். நாலாவது துண்டில் அவன் வாயைத் திறந்தான்.

“எப்படிடா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“பொய் சொல்லாத.”

“சோறு...”

“ஆமா. சோறுதான்.”

அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. நகோயாவில் அவன் பெரிய கடை எதற்கும் போனதில்லையாம். தட்டு நூறு யென் என்று பெல்ட்டில் சுற்றி வரும் கடைதான். அந்தப் பெல்ட்டைக் கொண்டுவந்தவர் ஒசாகாவில் கடை வைத்திருந்த ஷிராய்ஷி யோஷியாகி. பீர் பாட்டில்கள் ஆலையில் நகர்ந்து போவதைப் பார்த்து யோசனை பிறந்து, 1958-ல் முதல் கடையைத் திறந்தார். இப்போது அப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் சோற்றைப் பிடிப்பதுகூட மெஷின்தான். “மெஷின் பிடிச்ச சோறுடா, அதுவே வெதுவெதுன்னு இருக்கும்” என்றான், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் குறையைச் சொல்வதுபோல.

ஃப்ரிட்ஜில் இருந்த சோறு என்று கண்டுபிடிக்க நகோயா வரை போக வேண்டியதில்லை. வெந்த அரிசியில் இளகிக் கிடக்கும் மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகி அடுக்கிக்கொள்ளும். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் 4 டிகிரி வாக்கில் அது இன்னும் வேகமாக நடக்கும். வீட்டுச் சோறென்றால் சுட வைத்து இளக்கிவிடலாம். மேலே பச்சை மீன் இருப்பதைச் சுட வைக்க முடியுமா? வினிகரின் புளிப்பு சரியாக ஏறிய சோற்றில் கிருமி எளிதில் வளராது. அந்த வேளை முடியும்வரை ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே வைத்திருக்கலாம். ஆக, ஒன்று வினிகரில் கஞ்சத்தனம், இல்லை மத்தியானமே வடித்து வைத்துவிட்ட சோம்பல். போதாததற்கு அடியில் டிரை ஐஸ் வேறு.

சூஷியின் சரித்திரமே சோறு மரியாதை பெற்ற சரித்திரம்தான். ஆதியில் உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைப்பார்கள். சோறு புளித்து, மீனைக் கெடாமல் காக்கும். பிறகு மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை வழித்து எறிந்துவிடுவார்கள். (முதல்முறை படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.) பிவா ஏரிப் பக்கம் ஃபுனாசூஷி என்ற பெயரில் மீனை இப்படிப் புளிக்கவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நாளடைவில் புளிக்கவிடும் காலம் குறைந்து, சோற்றையும் சேர்த்தே சாப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் புளிக்கக் காத்திருக்காமல் வினிகரை ஊற்றினார்கள். 1820-களில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் என்பவர் சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைத்து விற்றதாகச் சொல்வார்கள். தெருக்கடைச் சாப்பாடு. போகிறவர் வருகிறவர் நின்றபடியே இரண்டை வாயில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஒவ்வொன்றும் இன்றைய துண்டைவிட மிகப் பெரிது. விளக்கும் மூங்கிலும் அதற்குத் தேவைப்படவில்லை.

விலை உயர்ந்த கடைக்கும் தேவையில்லைதான். ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சூஷி’ என்று 2011-ல் வந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜிரோ ஓனோவின் கடை கின்ஸாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பத்தே இருக்கை, கழிப்பறைகூடக் கடைக்கு வெளியே. அந்தப் படத்தில் மீன் வியாபாரிகள் பேசியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அரிசிக்காரர்தான் நிற்கிறார். ஜிரோவுக்குக் கொடுக்கும் அரிசியை ஒரு பெரிய ஓட்டல் கேட்டதாம். வடிக்கத் தெரியாதவர்களுக்கு அதைக் கொடுத்து என்ன பயன் என்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் எந்த மிராசுதாரும் சொல்லக்கூடிய வார்த்தை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைசியில் வந்த மிசோ சூப் நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்ததும் அம்மாவின் தூத்துக்குடிச் சமையற்கட்டு வாசம். மாசிக் கருவாடு! சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்து மரக்கட்டைபோல் ஆக்குவது மாலத்தீவிலும் மினிக்காயிலும் நடக்கிற அதே வேலை. ஜப்பானில் அதைக் கட்சுவோபுஷி என்று காகிதம் மாதிரிச் சீவி, கொதிநீரில் போட்டுச் சாறு இறக்குகிறார்கள். நண்பனிடம் சொன்னேன். அவன் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தான். அவன் தயிர்சாதக் குடும்பத்துக்காரன். மாசியைக் கண்ணால் பார்த்ததில்லை.

பில்லோடு ஒரு டேப்லெட்டும் வந்தது. சூழல், இசை, உபசரிப்பு, உணவின் தோற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். நண்பன் கடகடவென்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டான். முறைத்தேன்.

“பையன் நல்லாத்தானேடா கவனிச்சான்? சோத்துக்குன்னு இதுல கட்டமே இல்லையே.”

கீழே கருத்து எழுதும் இடம் இருந்தது. வாங்கி, ‘சோறு சில்லென்று விறைத்திருந்தது’ என்று தட்டினேன். வடகிழக்கிலிருந்து வந்து நல்ல தமிழ் பழகியிருந்த பையன் அது. எட்டிப் பார்த்துவிட்டு, வருத்தமாகச் சிரித்தான்.

“சூஷின்னா கோல்டாத்தான் சார் இருக்கும்.”

நகோயாவில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் என் பக்கத்தில் நின்று, “அப்படியா தம்பி?” என்று கேட்டுக்கொண்டான்.