போலி நோயாளிகள்

டாக்டர்கிட்ட பொய் சொல்லலாமா? ஆராய்ச்சின்னா சொல்லலாம்னு 2014ல் டெல்லியில் செஞ்சே காட்டிட்டாங்க. காசநோய் அறிகுறிகளை மனப்பாடம் பண்ணின 17 பேர், தனியாரா வைத்தியம் பார்க்கற 100 பேரிடம் நோயாளி மாதிரி போனார்கள். மொத்தம் 250 சந்திப்புகள். சரியாகக் கையாளப்பட்டது 52 மட்டுமே. (அஞ்சுல ஒண்ணு, சாமி!)

இது ஏமாத்து வேலை இல்லையான்னு முதல்ல உறுத்துச்சு. ஆனா அந்த 100 பேரும் முன்கூட்டியே சம்மதிச்சவங்க. ஆள் வரும்னு தெரியும். யாரு, எப்போன்னுதான் தெரியாது. பரீட்சை நாள் தெரிஞ்சா யார்தான் படிக்க மாட்டாங்க? அது சரி, சம்மதிச்சவங்களே இந்த லட்சணம்னா, மத்தவங்க?

எங்கப்பா இருமலோட மூணு மாசம் ஒரே கிளினிக்குக்கு நடந்தார். டானிக்தான் மாறிச்சே தவிர, சளிப் பரிசோதனைன்னு ஒரு வார்த்தை வரலை. காசநோய்னு கண்டுபிடிச்சது வேற டாக்டர். அந்தக் கிளினிக்குக்கும் இப்படி ஒருத்தர் போயிருக்கணும்னு இன்னிக்கும் நினைச்சுக்குவேன். என் ஓட்டு போலி நோயாளிக்குத்தான்.

ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. போலி ஆள் உள்ளே இருக்கறப்ப, வெளியே பெஞ்சுல நிஜமாவே இருமிக்கிட்டு ஒருத்தர் காத்திருப்பாரே, அவரோட நேரத்துக்கு யார்கிட்ட சம்மதம் வாங்கறது? மருத்துவப் பதிவர்கள் யாராச்சும் சொல்லுங்களேன்.