அளவறிந்து பறத்தல்



ஓய்வு நேரத்தில் நம் பிள்ளைகள் எதில் மூழ்குகிறார்கள் என்பது இன்று பல வீடுகளின் கவலை. கைப்பேசியைப் பறித்து வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். வெறுமையான அந்தக் கைகளில் வேறு எதைக் கொடுப்பது என்று கேட்டால் நம்மில் பலரிடம் விடை இல்லை. எங்கள் வீட்டில் அந்த இடத்தை நிரப்பியது ஒரு சிறிய ஜெட் விமானம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் நானும் சேர்ந்து நுரைத்தகட்டில் வெட்டி, ஒட்டி, மின்கலத்தால் பறக்கவிட்ட மாதிரி விமானம் அது.

இதைக் கேள்வியுற்ற என் மூத்த மாமா, "நாலு நிமிஷம் பறக்கிறதுக்கு இவ்வளவு செலவா? இது இஸ்ராஃப் ஆகாதா மருமகனே?" என்று கேட்டார். வீண்விரயம் குறித்து மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறது என்பதை அறிந்தவர் கேட்ட, கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. அதனை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலை என் மகனுக்கும் எனக்கும் எதைக் கற்றுக்கொடுத்தது என்பதைச் சொன்னால்தான் என் விடை விளங்கும்.

மாதிரி விமானங்களில் பெரும்பாலானவை முகப்பில் ஒரு புரொப்பெல்லரைக் கொண்டவை. ஜெட் வடிவத்துக்கு அது பொருந்தாது. ஆகவே விமானத்தின் உடலுக்குள் ஒரு குழலை அமைத்து, அதனுள் பல இதழ்கள் கொண்ட சிறிய விசிறியை மின்மோட்டாரால் சுழற்றுவார்கள். முன்புறம் உறிஞ்சப்படும் காற்று பின்புறம் பீறிட்டு வெளியேறும். இதற்கு எலெக்ட்ரிக் டக்டட் ஃபேன் என்று பெயர், சுருக்கமாக ஈ.டி.எஃப். எங்கள் விசிறியின் விட்டம் 64 மில்லிமீட்டர், அதாவது ஒரு தேநீர்க் குவளையின் வாயளவு.

இந்தச் சிறு விட்டத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெரிய விசிறி மிகுதியான காற்றை மெதுவாகத் தள்ளும். சிறிய விசிறியோ குறைந்த காற்றை மிகுந்த வேகத்தில் தள்ளியாக வேண்டும். ஒரே உந்துவிசையைப் பெற இரண்டாவது வழிக்கே அதிக ஆற்றல் செலவாகும். எங்கள் மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3,500 சுற்று என்ற கணக்கினது. நான்கு செல் லிப்போ பேட்டரியின் 14.8 வோல்ட்டில், சுமையின்றிச் சுழன்றால் அது 51,800 சுற்றைத் தொடும். விசிறியின் சுமை ஏறும்போது அது குறையும். ஆயினும் 40,000 சுற்றை ஒட்டியே நிற்கும். அத்தகைய வேகத்தில் சிறு பிழையும் பெரிதாகிவிடும். இதழின் நுனிக்கும் குழல் சுவருக்கும் இடைப்பட்ட இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்கே இருக்க வேண்டும். சுழலி சமநிலை தவறியிருந்தால் விமானம் முழுதும் அதிரும், ஓசை ஓலமாகும். ஓர் இதழின் உட்புறம் நகக்கண்ணளவு ஒட்டுநாடாவை ஒட்டியும் எடுத்தும் அதனைச் சமன்படுத்த எங்களுக்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது.

காற்று நுழையும் வாயின் விளிம்பு கூராக இருந்தால், காற்று வளைந்து உள்ளே திரும்ப இயலாமல் சுவரை விட்டு விலகிச் சுழன்றுவிடும். ஆகவே அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினோம். வெளியேறும் வாய், விசிறி துடைக்கும் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்காக இருக்குமாறு அட்டையில் வார்ப்பு வெட்டினோம். அதைவிடக் குறுக்கினால் விசிறி மூச்சுத் திணறும். மிகவும் அகட்டினால் காற்றின் வேகம் குன்றும். சாதாரண உடனடிப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் நுரைக்கேற்ற பசையைத் தேடி வாங்கினோம். ஒவ்வொரு படியிலும் என் மகன் கேட்ட கேள்வி ஒன்றே: "எவ்வளவு வாப்பா?" இந்த வேலையின் உயிரே அந்தக் கேள்விதான் என்பதை நாளடைவில் உணர்ந்தேன்.

விசிறியின் பெட்டியில் 1,200 கிராம் உந்துவிசை என்று அச்சிட்டிருந்தது. அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் அளந்து பார்த்தோம். ஒரு மரத்துண்டை 'ட' வடிவில் மூலையில் கீலிட்டு நிறுத்தி, மேல்நோக்கிய கையில் விசிறியைப் பொருத்தி, கிடைமட்டக் கையை என் மனைவியின் சமையலறைத் தராசின்மீது ஊன்றச் செய்தோம். விசிறி எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு எடையைத் தராசு காட்டும். இரு கைகளும் ஒரே நீளமாக இருப்பது இதில் இன்றியமையாதது. ஒரு கை சற்று நீண்டாலும் தராசு பொய் சொல்லிவிடும். அதைச் சரிபார்க்கும்போது மகனிடம் சூரத்துல் முதஃப்பிஃபீனை நினைவூட்டினேன். அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் அருளப்பட்டிருக்கிறது. அது கடைத்தெரு வணிகருக்கு மட்டும் உரியது என்று அதுவரை அவன் எண்ணியிருந்தான்.

தராசு காட்டியது 910 கிராம். பேட்டரிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே இணைத்த வாட்மீட்டர் 41 ஆம்பியரையும், சுமையில் தாழ்ந்த 14.2 வோல்ட்டையும் காட்டியது. பெருக்கினால் 582 வாட். எங்கள் விமானத்தின் மொத்த எடை 860 கிராம். ஆகவே அந்த உந்துவிசை போதும். கட்டுப்பாட்டுக் கருவி 60 ஆம்பியர் தாங்கக்கூடியது; ஆகவே அதற்கும் இடம் மிச்சமிருந்தது. பெட்டியிலிருந்த எண் பொய்த்தாலும், அளந்த எண்ணை வைத்து நிம்மதியாக அடுத்த வேலைக்குச் செல்ல முடிந்தது.

இளைஞர்களுக்கே உரிய ஆசை அவனுக்கும் வந்தது. "நாலு செல்லுக்குப் பதிலா ஆறு செல் போட்டா என்ன வாப்பா?" என்றான். வேண்டாம் என்று தடுப்பதைவிடக் கணக்கைக் கையில் கொடுப்பது மேல் என்று தோன்றியது. விசிறியின் உந்துவிசை சுற்று வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். அதற்குத் தேவைப்படும் ஆற்றலோ மும்மடிக்கேற்ப ஏறும். வோல்ட்டை ஒன்றரை மடங்காக்கி, வேகமும் ஒன்றரை மடங்கானால், ஆற்றல் மூன்று மடங்கையும் தாண்டும். 582 வாட்டை வைத்துப் பெருக்கிப் பார்த்தவன், ஏறத்தாழ 2,000 வாட் என்ற விடையைக் கண்டு பென்சிலைக் கீழே வைத்தான். அந்த மோட்டாரின் கம்பிச்சுருள் அதனைத் தாங்காது, உருகிவிடும்.

பிறகு அவனே கணக்கைத் திருப்பிப் போட்டான். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் உந்துவிசை 64 சதவீதமாகிறது. ஆற்றல் செலவோ 51 சதவீதமாகச் சரிகிறது. வேகத்தில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் சுமையில் ஏறத்தாழ பாதி இறங்கிவிடுகிறது. எந்த ஆன்மாவுக்கும் அதன் சக்திக்கு மீறிய சுமையை அல்லாஹ் சுமத்துவதில்லை என்பதை அல்பகராவின் இறுதியில் ஓதுகிறோம். சக்திக்கு மீறியவற்றைத் தேடிப்போய்த் தலையில் ஏற்றிக்கொள்பவர்கள் நாம்தாம். தவணைக் கடன்களிலும் திருமணச் செலவுகளிலும் நாம் மறந்துவிடும் இந்தக் கணக்கை, ஒரு பள்ளி மாணவன் மோட்டாரின் வழியே கற்றுக்கொண்டான்.

லிப்போ பேட்டரி அடக்கத்தோடு அணுக வேண்டிய பொருள். ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் இருப்பதே பாதுகாப்பு. பயன்படுத்தாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். குத்துப்பட்டாலோ அளவுக்கு மீறி ஏற்றினாலோ அணைப்பதற்கு அரிய தீ மூளும். எங்கள் 2,200 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை 2.2 ஆம்பியரில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. வீட்டில் ஒரு விதி வகுத்தோம். சார்ஜர் இயங்கும்போது யாரேனும் அருகில் இருக்க வேண்டும். பாங்கு ஒலித்துவிட்டால், ஏறி முடியாவிட்டாலும் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொழச் செல்ல வேண்டும். "இன்னும் பத்து சதவீதம்தான்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பறக்கவிடும் இடத்தையும் ஆராய்ந்தே தேர்ந்தோம். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் கருத்தில் கொண்டவை. அவற்றைக் கண்பார்வைக்குள்ளேயே பறக்கவிட வேண்டும் என்கின்றன. ஆகவே அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து, தளத்தை விட்டு வெகுதூரம் மேற்கே, வீடுகளற்ற ஒரு வறண்ட கண்மாயைத் தேர்ந்தெடுத்தோம். கடற்காற்று எழுவதற்கு முன் வானம் அமைதியாக இருப்பது அதிகாலையில்தான். அதனால் சுப்ஹு தொழுகையை ஜமாஅத்தோடு முடித்துவிட்டுப் புறப்படுவது வழக்கமாயிற்று. விடுமுறை நாளில் எட்டு மணிவரை உறங்கிய பிள்ளை, காற்றுக்காகவேனும் சுப்ஹில் முதல் வரிசைக்கு வந்தான். நிய்யத்தை அல்லாஹ் சீராக்குவான் என்று நான் வாய் திறக்கவில்லை.

நான் கையால் எறிய, அவன் ரேடியோவை இயக்குவான். விசிறி உடலுக்குள் இருப்பதால், அதன் காற்று வால் இறக்கைகளின்மேல் பாய்வதில்லை. போதிய வேகம் வரும்வரை வால் பேச்சுக் கேட்காது. ஆகையால் முழு வேகத்தையும் முன்பே கொடுத்து, விசிறி முழுதாகச் சுழன்ற பின்னரே எறிய வேண்டும். இதழ் ஒன்று முறிந்தால் பக்கவாட்டில் தெறிக்கும் என்பதால், சுழலியின் நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. மூன்றரை நிமிடத்தில் மணி ஒலிக்கும். ஐந்தில் ஒரு பங்கு மின்னூட்டம் மிச்சமிருக்கும்போதே இறக்கிவிடுவோம்.

ஒரு காலையில் எங்கள் விமானம் சீறிக்கொண்டு சுற்றிய அதே வானத்தில் ஒரு கரும்பருந்து, சிறகை ஒருமுறையும் அடிக்காமல், மெல்ல வட்டமிட்டு மேலேறியது. அப்பறவையின் எடையும் எங்கள் விமானத்தின் எடையும் ஏறத்தாழ ஒன்றே. உறங்குமுன் ஓதும் சூரத்துல் முல்க்கில், தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்குமாறு நமக்குச் சொல்லப்படுகிறது. நூற்றுக்கணக்கான வாட்டைச் செலவிட்டு ஒரு நுரைத்தகட்டை வானில் நிறுத்தியவனுக்கு அந்த வசனத்தின் கனம் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

மாமாவிடம் நான் சொன்ன விடை இதுதான். ரேடியோ நீங்கலாகச் செலவு ஏறத்தாழ 9,000 ரூபாய். இரண்டு பெருநாள் காசையும் அவன் சேர்த்து வைத்திருந்தான், எஞ்சியதை மட்டும் நான் கொடுத்தேன், கடன் இல்லை. தொழுகை தவறவில்லை, அண்டை வீட்டாருக்கு இரைச்சல் இல்லை. பணம் செலவாவது மட்டும் இஸ்ராஃப் ஆகிவிடாது. எல்லை கடப்பதே இஸ்ராஃப். இந்த எல்லைகளில் ஒன்றை மீறும் நாளில் நீங்களே வந்து நிறுத்துங்கள் என்றேன். அவர் தலையசைத்தார், முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உண்மையான தேர்வு பிறகு வந்தது. ஓராண்டுப் பயன்பாட்டில் எங்கள் இரு பேட்டரிகளில் ஒன்று சற்றே உப்பியது. 2,200 ஏற்க வேண்டியது 1,500ஐத் தாண்டவில்லை. இதே ஆர்வமுள்ள கல்லூரி மாணவர் ஒருவர், பழைய பேட்டரி இருந்தால் 800 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகச் செய்தி அனுப்பினார். "அவர் எதுவும் கேட்கலையே வாப்பா" என்றான் மகன். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நிகழ்வை அவன் மதரஸாவில் படித்திருக்கிறான். நான் எதுவும் சொல்லாமல் வாட்மீட்டரையும் குறிப்பேட்டையும் அவன் முன் வைத்தேன்.

அன்றிரவே அளவுகள் அனைத்தையும் எழுதி, உப்பியிருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். அவரோ, "பரவாயில்லை தம்பி, 300க்குக் கொடு" என்றார். குறையைச் சொல்லியாகிவிட்டது; வாங்குபவரும் சம்மதித்துவிட்டார்; இனி விற்கலாம் என்றே நான் எதிர்பார்த்தேன். மகன் நெடுநேரம் யோசித்தான். "அவர் விடுதியில் இருக்கார் வாப்பா. ஒரு அறையில் நாலு பேர். இது பத்திக்கிட்டா?" என்றான். உண்மையைச் சொல்வது ஒரு கடமை. பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது அதனினும் மேலான கடமை. அதை அவனுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. பேட்டரியை முழுதும் வடித்து, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தோம். அவன் குறிப்பேட்டில் அந்த வரவுக்கான இடத்தில் சுழியம் என்று எழுதினான்.

மீஸானில் நம் செயல்கள் நிறுக்கப்படும் நாளில், இத்தகைய சுழியங்கள் எவ்வளவு எடை கொள்ளும் என்பதை அல்லாஹ்வே அறிவான். நம் கைகளின் அளவுகளையும், நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் அவன் நேராக்கி வைப்பானாக. ஆமீன்.