ஆள் ஒன்று, வேலை பல

தேயிலைத் தோட்டத்துக்கு நிரல் எழுத வரும் இளைஞர்கள் முதல் நாளே ஒரு படம் வரைவார்கள். உச்சியில் ‘தொழிலாளி’ என்ற கிளாஸ். அதன் கீழே கொழுந்து பறிப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், மருந்து அடிப்பவர், ஆலைத் தொழிலாளி, மேற்பார்க்கும் மண்டோர் என்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் மேலே போகும் முக்கோண முனை அம்பு. நாயும் விலங்கு, பூனையும் விலங்கு என்று பாடநூலில் படித்ததற்கு அது அப்படியே பொருந்தும். மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் இருந்துகொண்டு தோட்டங்களின் சம்பளக் கணக்குக்கு நிரல் எழுதுவது என் தொழில். அந்தப் படத்தைக் கண்டால் முதலில் அம்புகளை அழிக்கச் சொல்வேன்.

திங்கட்கிழமை கொழுந்துக்குப் போனவர் செவ்வாய்க்கிழமை மருந்தடிக்கப் போவார். மழை பிடித்துக்கொண்டால் மதியமே ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் ஓர் ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸில் பிறந்ததோ அதிலேயேதான் கடைசிவரை இருக்கும். ஆகவே வேலை மாறும்போதெல்லாம் பழைய ஆப்ஜெக்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். அவருடைய ஈ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எண்கள், மிச்சமிருக்கும் விடுப்பு, வாங்கிய முன்பணம் அத்தனையையும் அதற்கு மாற்றி எழுத வேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டால் போதும், ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் ஒருவரின் சம்பளத்தில் அடி விழும்.

இதற்கான விடை தோட்டத்துக் கணக்கர்களான கிராணிகளிடம் கணினி வருவதற்கு முன்பே இருந்தது. இந்த மலையில் ஜே.ஏ.ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை அழித்துச் செடி நட்டதில் தமிழர் உழைப்பு பெரும்பங்கு. அந்த உழைப்புக்கெல்லாம் கணக்கு இருந்த இடம் செக்ரோல். அகலமான புத்தகம். இடப்பக்கம் ஆளுக்கு ஒரு வரியாகப் பெயர்கள். வலப்பக்கம் 1 முதல் 31 வரை கட்டங்கள். காலையில் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் யார் எந்த வேலைக்குப் போனார் என்பதை அந்த நாளின் கட்டத்தில் கிராணி குறிப்பார். பெயர் மாதம் முழுக்க அசையாது. ஓய்வுபெற்ற கிராணி ஒருவரிடம், “வேலை மாறினா பேரை அடிச்சிட்டுப் புதுசா எழுதுவீங்களா ஐயா?” என்று கேட்டேன். “ஏன் தம்பி அடிக்கணும்? ஆள் அதே ஆள்தானே, வேலைதானே மாறுது” என்றார்.

அந்தக் கட்டத்தைத்தான் நாம் கிளாஸாக எழுத வேண்டும். ‘பணி ஒதுக்கீடு’ என்று பெயர் வைக்கலாம். அதற்குள் ஒரு தொழிலாளி, ஒரு வேலை, ஒரு தேதி. தொழிலாளி கிளாஸ் ஒன்றே ஒன்று, கிளைகள் வேண்டாம். இப்படிக் கிளை பிரிக்கும் மரபுரிமையைவிட ஆப்ஜெக்டுகளை இணைத்துக் கட்டுவதே மேல் என்று காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் நால்வரும் 1994இல் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் அறிவுறுத்தினார்கள். செக்ரோலைப் பார்த்துப் பழகியவருக்கு அது புதிய சேதியே இல்லை.

மரபுரிமையைக் குறை சொல்லவில்லை. நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா 67 மொழியில் அதைக் கொண்டுவந்தபோது அவர்கள் யோசித்துப் பார்த்தது சுங்கம் வாங்கும் பாலத்தில் வரிசையில் நிற்கும் வண்டிகளை. லாரி லாரியாகவே வந்து லாரியாகவே போகும்; நாளைக்குப் பஸ்ஸாக மாறாது. அங்கே மரபுரிமை சரியாக உட்கார்ந்தது. மனிதரின் வேலை அப்படிப்பட்டதல்ல.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தராசு. கொழுந்து மூட்டை தராசில் ஏறுகிறது. மொத்த எடை, அதில் சாக்குக்குக் கழிவு, இலை நனைந்திருந்தால் ஈரத்துக்குக் கழிவு, மிச்சம் நிகர எடை. இந்த கிலோவை எந்தக் கிளாஸில் வைப்பது? தொழிலாளிக்குள் வைத்தால், தோட்டத்தின் எந்த பீல்டில் எவ்வளவு விளைந்தது என்று மானேஜர் கேட்கும்போது பதில் வராது. பீல்டுக்குள் வைத்தால் சம்பளம் போட முடியாது. எடை தொழிலாளிக்கும் பீல்டுக்கும் நடுவில் நிகழ்ந்த ஒன்று. அதனால் ‘நிறுவை’ தனிக் கிளாஸ். ஒரு கை தொழிலாளியையும் மறு கை பீல்டையும் பிடித்திருக்கும். நேரமும் கழிவுகளும் அதற்குள்ளேயே. உறவுக்கே விவரம் இருக்கிறது என்று தெரிந்தால் உறவையே ஆப்ஜெக்டாக்க வேண்டும். வகுப்பறைகளில் ஒரு வரியில் தாண்டிப்போகும் விஷயம் இது. நான் எழுதும் நிரல்களின் முதுகெலும்பு இதுதான்.

இப்போது பல சரிவுகளில் கொழுந்து எடுப்பது இயந்திரம். அதை ஒருவர் பிடித்து வெட்ட முடியாது. ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். ‘இயந்திர நிறுவை’யை ‘நிறுவை’யின் கிளையாக்கினால் என்ன ஆகும்? இந்த எடை யாருடையது என்று சம்பள நிரல் கேட்கும். ஒரு பெயரைச் சொல்ல இயந்திர நிறுவையால் முடியாது. தாய் கிளாஸ் கொடுத்த வாக்கைக் கிளை காப்பாற்றியே தீர வேண்டும் என்பதை 1987இல் பார்பரா லிஸ்காவ் எடுத்துச் சொன்னார். தீர்வு, நிறுவை தொழிலாளியைப் பிடிக்காமல் ‘குழு’வைப் பிடிப்பது. கையால் பறிப்பவர் ஒரே ஆள் கொண்ட குழு. கிளை இல்லாமலே காரியம் முடிந்தது.

அடுத்து ஆயுள். சம்பளச் சீட்டை ரத்து செய்தால் அதன் வரிகளும் போக வேண்டும். வரிகளுக்குத் தனி வாழ்வு இல்லை. படத்தில் நிரப்பிய வைரக்குறி போடுவது இப்படிப்பட்ட உறவுக்குத்தான். தொழிலாளிக்கும் நிறுவைக்கும் அதே குறியைப் போடுகிறவர்கள் உண்டு. இன்று மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பெர்மிட் முடிந்து ஒருவர் ஊர் திரும்பியதும் அவர் பெயரை அழித்தால், அவர் பறித்த கொழுந்தின் கணக்கும் சேர்ந்து அழியும். பாக்கி கேட்டு வந்தால் காட்ட ஒன்றுமே இருக்காது. பதிவேட்டு விவரங்களை 6 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். ஆகவே இங்கே வெறும் கோடு போதும், வைரம் கூடாது.

ஆலையில் உறவு இன்னும் தளர்வு. பல பீல்டுகளின் இலை ஒரே வாட்டும் தொட்டியில் கலக்கும். ஏறத்தாழ 5 கிலோ பச்சை இலை 1 கிலோ தூளாகும். ‘உற்பத்தித் தொகுதி’ பல நிறுவைகளைச் சுட்டும். தூள் பொட்டலமாகிக் கடைக்குப் போனாலும் நிறுவைகள் தோட்டத்துக் கணக்கில் நிற்கும்.

கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய், பூனை உதாரணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதச் சம்பளக் கணக்கை மாணவர்களிடம் கொடுத்து, இதில் யார் யாருக்கு என்ன உறவு, ஒருவர் போனால் யார் மிச்சம் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். அம்பு போடுவதை அடுத்த வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.