செவிச்செல்வம் குறையுங்கால்

உயிர்களின் அறிவை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். வள்ளுவரோ 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கே உரியதாக்கினார். இத்துணைச் சிறப்புடைய செவி முதுமையில் தளரும்போது மட்டும் அது நகைப்புக்கு உரியதாகிவிடுகிறது. கண்ணொளி குறைந்தவரிடம் இரங்கும் உலகம், செவிப்புலன் குறைந்தவரிடம் சலிப்பே கொள்கிறது.

எண்பதை நெருங்கும் எம் தந்தையாரிடத்தே இதனை நாம் கண்டோம். "மாமா, பசிக்குதா?" என்று மருமகள் வினவ, "புள்ளை நல்லாத்தான் படிக்குது" என்று அவர் விடையிறுத்தார். வீடே சிரித்தது, அவரும் உடன் சிரித்தார். ஆனால், அன்று முதல் உணவு வேளையில் அவர் பேச்சுக் குறைந்தது. ஜும்ஆப் பேருரை ஒலிபெருக்கியில் முழங்கினாலும், "சத்தம் கேட்குது, சொல் விளங்கலை" என்பார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளொன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் முதற்கண் மங்குவன உயர் அதிர்வெண் ஒலிகளே. உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி; சகரம் போன்ற மெய்களின் ஒலியோ உயர்ந்தது, மெலிந்தது. ஆகவே முதியவர் செவியில் உயிர் நிற்கிறது, மெய் நழுவுகிறது. பசி படியாவது இவ்வாறே. உரக்கக் கத்தினால் உயிரொலி பெருகுமேயன்றி மெய் தெளிவதில்லை.

60 வயதைக் கடந்தோரில் 25 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் வாழ்வைப் பாதிக்கும் அளவிற்குக் கேட்புக்குறை உடையவர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கையோ, நடுவயதுக் கேட்புக்குறையை, மாற்ற முயலத்தக்க மறதிநோய்க் காரணிகளுள் ஒன்றாக வைத்தது. கேளாமை தனிமையாகிறது, தனிமை மனத்தைத் தேய்க்கிறது.

மூக்குக்கண்ணாடிக்கு நாணாத நாம் செவிக்கருவிக்கு நாணுவானேன்? தந்தையாரும் முதலில் மறுத்தார். அணிந்த புதிதில் தட்டின் ஒலியும் மின்விசிறியின் இரைச்சலும் பெருகிக் கேட்கவே, கழற்றிப் பெட்டியில் வைத்தார். புதிய ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும் என மருத்துவர் விளக்கிய பின்னரே பொறுத்து அணிந்தார். கருவி இளமைச் செவியைத் திருப்பித் தருவதில்லை. ஆயினும் பேரப்பிள்ளைகளின் பேச்சில் அவருக்கும் ஒரு பங்கைத் தந்துள்ளது.

பெரியோர்களே! செவி மந்தமெனத் தோன்றின் வாளாவிராது மருத்துவரைக் காண்பீர். சிலருக்குக் குறும்பி அடைப்பே காரணமாகலாம். மாணவச் செல்வங்களே! முதியோரிடம் பேசுங்கால் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். முகத்தில் ஒளிபட எதிரே நின்று, கத்தாது, நிறுத்திப் பேசுங்கள். விளங்கவில்லையெனில் வேறு சொல்லால் கூறுங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லே அவர்களை அவையினின்றும் வெளியேற்றுகிறது.