போக முடியாத ஒன்றுகூடலுக்கு ஒரு சஞ்சிகை

கலஹாவில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் அநேகர் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவர்கள். ஒருநாள் பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பிள்ளை தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இத எப்படித் தைச்சிருப்பாங்க?"

படத்தில் ஓர் இளம்பெண். தோளில் வெள்ளித் தகடுபோல் மின்னும் துணி, முதுகில் தரையைத் தொடும் மேலங்கி, கையில் ஒரு விநோத ஆயுதம். கொழும்பில் நடந்த லங்கா கொமிக் கொன் என்ற ஒன்றுகூடலில் எடுத்த படம் அது. 2015இல் தொடங்கிய ஒன்றுகூடல். சித்திரக்கதை, விஞ்ஞானக் கதை, சினிமா இவற்றில் பிரியமுள்ளவர்கள் தமக்குப் பிடித்த பாத்திரங்களைப்போல உடுத்திக்கொண்டு வருவார்களாம். எனக்கு அது முதலில் மாறுவேடப் போட்டி போலத்தான் பட்டது. ஆனால் தையல்காரிக்குத் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. மழைக்கோட்டுத் துணிக்குள் கன்வஸ் வைத்துத் தைத்தால் தோள் இப்படி விறைப்பாக நிற்கும் என்று சொன்னேன். அன்றைக்கு இடுப்புப் பட்டி அரைகுறையாகவே நின்றுவிட்டது.

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. "நாமளும் ஒரு தடவ போவமா அக்கா?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கலஹாவிலிருந்து கண்டிக்கு பஸ், கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ், நுழைவுச்சீட்டு, சாப்பாடு, இரவு தங்க ஓர் இடம். ஐந்து பேர் ஆசைப்பட்டார்கள். ஒருத்திதான் தைரியமாக வீட்டில் கேட்டாள். "வேஷம் போட்டுக்கிட்டு கொழும்புக்கா?" என்று தகப்பனார் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மற்ற நால்வரும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்லமாட்டேன். நாட்கூலியில் வாழும் வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு பத்து வாய்கள் இருக்கும். ஆனால் பணம் இருந்திருந்தாலும் அவர் விட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி.

"போகமுடியாட்டி என்ன, அதப் பத்தி ஒரு புத்தகம் போடுவோம்" என்று சொன்னது நானல்ல. பாடசாலையில் கையெழுத்துச் சஞ்சிகை செய்து பழகிய பிள்ளை ஒருத்தி. படங்களைப் பார்த்து வரையலாம், உடுப்புத் தைக்கும் முறை எழுதலாம், விஞ்ஞானக் கதை எழுதலாம் என்று அவளே அடுக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு விஞ்ஞானக் கதை என்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'தான். அதற்கு மேல் தெரியாது. பிள்ளைகளுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். தேடினால், நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்ததை உலகம் 1930லேயே செய்திருக்கிறது. அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை வாசகர் சிலர் கடிதத்தில் பழகி, தாமே ஒரு சிறு சஞ்சிகையை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'தி கொமெட்'. இப்படி ரசிகர்களே செய்யும் சஞ்சிகைக்கு 'ஃபான்சின்' என்ற பெயர் பத்து வருடம் கழித்து, 1940இல்தான் வந்தது. அதே 1940இல் இங்கே நம் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதிச் சிறு நூலாக வெளியிட்டார். அவருக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் இவரைத் தெரியாது. பெரிய அச்சகத்துக்காகக் காத்திராமல் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும் குணம் மட்டும் ஒன்றுதான்.

பழைய ரசிகர் சஞ்சிகைகளின் செய்முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பாடசாலைகளில் பரீட்சை வினாத்தாள் அடித்த அதே றோணியோ! மெழுகுத் தாளில் டைப் அடித்தால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அந்த வழியால் மை கசிந்து கீழே உள்ள கடதாசியில் பதியும். பிழை வந்தால் பூசி மறைக்க ஒரு திரவம். அதற்கும் வசதியில்லாதவர்கள் தட்டில் ஜெலட்டினை உறையவிட்டு, அதன்மேல் ஊதா மையால் எழுதிய தாளை அழுத்தி எடுத்து, பிறகு வெறுந்தாள்களை ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். ஐம்பது பிரதி எடுப்பதற்குள் மை மங்கிவிடும். அடுப்படி வேலையும் அச்சு வேலையும் ஒரே தட்டில்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் வருகிறார். ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்ததால் அவரை நம்மவர் என்று சொல்லலாம்தானே. 1937 ஜனவரி 3ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ரசிகர்களின் ஒன்றுகூடல் ஒன்று நடந்தது. முன்கூட்டியே திட்டமிட்டு நடத்திய முதலாவது விஞ்ஞானக் கதை மாநாடு அதுவே என்று பலரும் சொல்கிறார்கள். என் தையல் வகுப்பு கொள்ளும் அளவுக்குத்தான் கூட்டம். பத்தொன்பது வயது கிளார்க் அதில் ஒருவர். அவர் சஞ்சிகை வேலையிலும் கைகொடுத்தார். அவருடைய முதல் கதை வெளிவந்தது அதே வருடம், ரசிகர்கள் றோணியோவில் அடித்த சஞ்சிகை ஒன்றில்தான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனவர் கிளார்க் அல்ல, மிர்ட்டில் டக்ளஸ். 'மொரோஜோ' என்ற பெயரில் எழுதியவர். 1939இல் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாடு நடந்தபோது லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அங்கே போனார். தானும் நண்பர் ஃபொரஸ்ட் அக்கர்மனும் அணிய எதிர்கால உடைகளைத் தானே தைத்தார். மற்றவர்கள் கோட்டும் டையுமாக வந்திருந்த கூட்டம் அது. கொழும்பில் எடுத்த அந்த வெள்ளித் தோள் உடுப்பின் பாட்டி இவர்தான் என்றேன். இவர் ரசிகர் சஞ்சிகை நடத்தியவருமாவார். ஊசியும் எழுத்தும் ஒரே கையில் இருந்திருக்கிறது என்பதைக் கேட்டு, எங்கள் வகுப்பில் ஒருத்தி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த மாநாடு பெரும் சண்டையோடு தொடங்கியது. அமைப்பாளர்களுக்குப் பிடிக்காத ஆறு இளைஞர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரான ஃபிரெடரிக் போல் அவர்களில் ஒருவர். உள்ளே போனவர்களும் வெளியே நின்றவர்களும் தத்தம் நியாயத்தை வருடக்கணக்காக எழுதினார்கள். ஒரு ரசிகர் சஞ்சிகைக்குக் கதையும் படமும் இருந்தால் போதாது, வாசகர் கடிதம்தான் உயிர் என்று அப்போது படித்தேன். படித்தேனே தவிர, விளங்கிக்கொள்ளவில்லை.

முதல் இதழுக்கு வருவோம். பெயர் வைப்பதில் ஒற்றுமை வரவில்லை. அட்டையில் பெயருக்கு விட்ட கட்டம் வெறுமையாகவே போட்டோ கொப்பிக்குப் போனது. ஏ4 கடதாசியை நடுவில் மடித்து, பதினாறு பக்கம், முப்பது பிரதி. ஸ்டேப்ளர் கம்பி நடுப்பகுதிக்கு எட்டவில்லை. மெஷினில் வைத்து மடிப்பில் ஓட்டிவிட்டேன். இதைச் செய்ய நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: தையலின் நீளத்தை ஆகக் கூட்டி வையுங்கள். நெருக்கமாக விழுந்தால் முத்திரைத் தாள்போலத் துளை விழுந்து, திறந்ததும் கிழியும். அந்த ஊசியைப் பிறகு துணிக்குப் போடாதீர்கள், கடதாசி அதை மழுக்கிவிடும்.

உள்ளே கொழும்பு ஒன்றுகூடல் பற்றி ஒரு கட்டுரை, மூன்று உடுப்புப் படங்கள், கடைசியில் ஒரு கதை. அந்தக் கதைதான் பிரச்சினை.

கிளார்க் 1979இல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்ற நாவலைப் பற்றி நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். சிவனொளிபாதமலையை மனதில் வைத்து அவர் படைத்த ஒரு மலையின் உச்சியிலிருந்து விண்வெளிக்குக் கம்பி கட்டி, அதில் லிப்ட் விடுகிறார்கள். உச்சியில் மடம் வைத்திருக்கும் பிக்குகள் இடம்விட மறுக்கிறார்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடைந்தால் மடம் விழும் என்று ஒரு பழங்கதை. கடைசியில் அவை வந்துவிடுகின்றன. 1980இல் பொஸ்டனில் நடந்த உலக மாநாட்டில் அந்த நாவலுக்கு ஹியூகோ விருது கிடைத்தது. நம் மலையை வைத்து எழுதிய கதை, நாம் போகமுடியாத ஒன்றுகூடலில் பரிசு வாங்கியது என்று பெருமையாகச் சொன்னேன்.

"பிக்குமாருங்க போனாங்க. மலையில கொழுந்து எடுத்தவங்க எங்கக்கா போனாங்க?" என்று கேட்டாள் ஒருத்தி. என்னிடம் பதில் இல்லை. அவளே கதையாக எழுதிக்கொண்டு வந்தாள். லிப்டுக்கான இரும்பை லயத்து ஆட்கள்தான் மலைமேல் சுமக்கிறார்கள். பாட்டி ஒருத்தி, "லூல்கந்துரயில பத்தொம்பது ஏக்கரு மொதத் தேயிலய வெள்ளக்காரன் நட்டான்னு படிச்சியே, அவனா குழி வெட்டுனான்?" என்று பேத்தியிடம் கேட்கிறாள். லிப்ட் கட்டி முடிந்ததும், பேத்தி அதில் ஏற அப்பாவிடம் அனுமதி கேட்கிறாள். அவர் மறுக்கிறார்.

கதை நன்றாக இருந்தது. நான் அதைக் கெடுத்தேன். பாட்டியின் பேச்சை எழுத்துத் தமிழாக்கினேன். அப்பா மறுக்கும் இடத்தை, வீட்டில் வீண் பிரச்சினை வரும் என்று நினைத்து, எடுத்துவிட்டேன். பேத்தி சந்தோஷமாக ஏறிப் போவதாக முடித்தேன். அவளிடம் கேட்கவில்லை. நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

சஞ்சிகை வந்த அன்று அவள் வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் தங்கை கையில் ஒரு கடிதம் வந்தது. ஒரு கொப்பித் தாளின் இரு பக்கம். "கொழும்புக்குப் போக அப்பா விடல. கதையிலயாவது அத சொல்லலாம்னு நெனச்சேன். அங்கயும் நீங்க விடல. எங்க பாட்டி அப்படிப் பேசமாட்டாங்க" என்று எழுதியிருந்தாள்.

வாசலில் நிறுத்தப்பட்ட ஆறு பேரைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன நான், என் கையாலேயே ஒருத்தியை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் தையல் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். லயத்து வாசலில் அவளுடைய பாட்டிதான் இருந்தார். தேத்தண்ணீர் தந்து, "ஒங்க புத்தகத்துல நான் ஐயர்வூட்டு அம்மாவாட்டம் பேசுறேனாமே" என்று சிரித்தார். பேத்தி சிரிக்கவில்லை. கடிதத்தை அப்படியே போடுகிறேன், கதையையும் நீ எழுதியபடியே திரும்பப் போடுகிறேன் என்றேன். "ஒரு எழுத்தும் மாத்தாம?" என்று கேட்டாள். ஒரு எழுத்தும் மாற்றாமல் என்றேன்.

இரண்டாவது இதழின் முதல் பக்கம் அந்தக் கடிதம். அதைப் படித்துவிட்டு மற்றப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு எதிராக இன்னும் இரண்டு, என் பக்கம் ஒன்று, உடுப்புப் படத்தில் கை நீளம் பிழை என்று ஒன்று. அப்பா மறுக்கும் இடம் அச்சில் வந்ததும் வீட்டில் என்ன நடக்குமோ என்று எனக்குப் பயம் இருந்தது. அவர் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். என்ன சொன்னார் என்று மகள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1967இல் நியூயோர்க்கில் டெவ்ரா லாங்சம், ஷெர்னா கொமர்ஃபோர்ட் என்ற இரு பெண்கள் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடருக்காக 'ஸ்பொக்கனாலியா' என்ற ரசிகர் சஞ்சிகையைத் தொடங்கினார்கள். ஐந்து வருடத்தில் லாங்சமும் வேறு சிலரும் ஒரு மாநாட்டையே கூட்டிவிட்டார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் வந்தார்களாம். இதை வாசித்துக் காட்டியதும், "அப்ப நாமளே கூட்டுவோம்" என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு போயா தினத்தில் தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூட்டினோம். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். உரச்சாக்கின் உட்பக்க வெள்ளியைக் கழுவி வெட்டித் தோள் தைத்திருந்தாள் ஒருத்தி. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தலைக்கவசமாக்கியிருந்தாள் இன்னொருத்தி. கதை எழுதியவள் எந்த வேஷமும் போடவில்லை. பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்காகக் கதையை உரத்து வாசித்தாள். தன் பேச்சு வந்த இடத்தில் பாட்டி தலையாட்டினார். முடிந்ததும், "அந்தக் கம்பி அந்து உளுந்தா யார் தலையில உளுவும்?" என்று கேட்டார். அதற்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியாததால், அது மூன்றாவது இதழின் கதையாயிற்று.

தகப்பனார் கூட்டத்துக்கு வரவில்லை. மாலையில் பாட்டியைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றார். ஒரு பிரதி கொடுத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டார். நூறு ரூபா என்றேன். கொடுத்துவிட்டு, அட்டையில் பெயரில்லாத கட்டத்தைக் காட்டி, "இதுல என்ன எழுதணும்?" என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான்காவது இதழுக்குக் கடதாசி வாங்கியாயிற்று. ஊசிதான் வாங்கவேண்டும்.