ஒரு கிலோ பிள்ளையின் கண்

கெடா தோட்டப்புறங்களில் குறைமாதக் குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எடையைக் கேட்பார்கள். பால் குடிக்கிறதா என்று கேட்பார்கள். கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் என் அக்காவுக்கு 29ஆவது வாரத்திலேயே மகன் பிறந்துவிட்டான். எடை 1,100 கிராம். விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுவதும் பரவ ஏறக்குறையப் பத்து மாதம் ஆகும். முன்னதாகப் பிறந்தால் அவை பாதி வழியில் நின்று, பிறகு தாறுமாறாக வளரக்கூடும். உயிர் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜன் மிஞ்சினாலும் இந்தக் கேடு வரும். முற்றினால் விழித்திரையே பிரிந்துவிடும். 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இதனால்தான்.

ஐந்தாவது வாரத்தில் முதல் பரிசோதனை. இமைகளை விரித்து, கூழ் தடவிய கேமரா முனையைக் கருவிழிமேல் வைத்தார்கள். அக்கா பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டார். திரையில் செம்மஞ்சள் நிலத்தில் ஓடும் ஆற்றுக் கிளைகளாய்க் குழாய்கள் தெரிந்தன. ஓரங்களில் ஒன்றுமில்லை, வெறுமை. ரெட்கேம் எனும் இவ்வகைக் கேமரா ஒரே படத்தில் 130 பாகை வரை காட்டுமாம்.

மருத்துவமனையில் இருந்தவரை சிக்கலில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வாக்குவாதம். மறுபடியும் வரச் சொல்லியிருந்த நாளில் மாமாவுக்குச் செம்பனை வெட்டு. போனால் அன்றைய சம்பளம் போய்விடும். "பிள்ளைதான் வெளிச்சம் பட்டால் திரும்புறானே, கண்ணுக்கு என்ன குறை?" என்றார் பாட்டி. பாட்டியைக் குறை சொல்ல முடியாது. ஆரம்பத்தில் இந்த நோய் வெளியே தெரியாது. அக்கா பிடிவாதமாகப் பஸ் ஏறினார். அன்று எடுத்த படத்தில் குழாய்கள் புடைத்து, புழுப்போல் நெளிந்திருந்தன. இரண்டே நாளில் லேசர் சிகிச்சை செய்தார்கள். ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்?

இந்தப் பஸ் பயணத்தைக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2008இல் பெங்களூரு நாராயண நேத்ராலயா மருத்துவர் ஆனந்த் வினேகர் தொடங்கிய 'கிட்ராப்' திட்டத்தில், கேமராவே வண்டியேறிச் சிற்றூர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. படம் எடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பணியாளர்கள். படங்கள் இணையம் வழியாக நிபுணருக்குச் சென்றுவிடுகின்றன. சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா என்று அங்கேயே தரம் பிரித்து, மறுபடி எப்போது வரவேண்டும் என்பதைத் தாய் கிளம்புமுன் சொல்லிவிடுகிறார்கள்.