முன்பணம் வருமானம் அல்ல

வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டால் பெரிய கம்பெனிகளின் பெயர்கள்தான் செய்தியில் அடிபடும். பாரத்தைச் சுமப்பதோ, அப்பா மேஸ்திரியாக இருந்து, மகன் டிப்ளமோ சிவில் படித்து, அம்மா கூலி நோட்டு எழுதும் சின்னக் குடும்பங்கள். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைநிலம் கண்டபடி மனையாவதைத் தடுக்க வந்த நியாயமான உத்தரவுதான். ஆனாலும் மனை கைமாறாமல் வீடு எழும்பாதே! இரண்டே மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. சனிக்கிழமைதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ரொக்கமாகக் கூலி எண்ணிக் கொடுக்கும் தொழில் இது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, சிமெண்டுக்கு அப்போது 28 சதவீதம்.

அந்த நாட்களில் நொடித்துப்போன பலர் என் கண்முன்னே வேலை கற்றவர்கள். கைத்திறமையில் குறை சொல்ல முடியாதவர்கள். அவர்களை விழவைத்தது 'ரொட்டேஷன்'. பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் வீட்டுக்காரர் பணம் தருவார். வங்கிக் கடனும் அப்படித்தான் வரும். முதல் வீட்டில் கை கடித்தால், இரண்டாவது வீட்டின் அட்வான்ஸில் அதற்குப் பூச்சு முடிப்பார்கள். மூன்றாவது வீட்டுப் பணத்தில் இரண்டாவதுக்குக் கான்கிரீட் போடுவார்கள். புது வீடு வந்துகொண்டிருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. வருவது நின்ற மாதத்தில் ஹார்டுவேர் கடைக்காரர், சூளைக்காரர், பாதி வீட்டோடு நிற்கும் வீட்டுக்காரர் எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வருவார்கள். நஷ்டம் எப்போதோ நடந்துவிட்டது. மந்தம் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

பிறகு அது வீட்டுக்குள் நுழைகிறது. மனைவியின் நகை அடகுக்குப் போகும். சென்ட்ரிங் ஷீட்டும் கலவை மிஷினும் கிடைத்த விலைக்குப் போகும். நம்பி இருந்த கொத்தனார் பிழைப்புத் தேடி வெளியூர் போவார். அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசாமல் இருப்பார்கள். கடனைவிடக் கொடியது இந்தக் கடைசிச் சேதம்.

எனவே பிள்ளைகளே, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு வையுங்கள். வேலை முடியும்வரை அட்வான்ஸ் அடுத்தவர் பணம். அதில் பள்ளிக் கட்டணமும் கட்டாதீர்கள், பழைய கடனும் அடைக்காதீர்கள். கடன் எவ்வளவு என்பதை வீட்டுப் பெண்களிடம் மறைக்காதீர்கள். நோட்டு எழுதுகிறவருக்கு நிஜம் தெரிந்திருந்தால், நகையைக் கழற்றும் நாள் வருமுன்னே அவர் தடுத்துவிடுவார்.

ஆட்கள் சும்மா இருக்கக் கூடாதென்று, அடக்கத்துக்கும் கீழே சதுர அடி ரேட் பேசாதீர்கள். அது ஆட்களைக் காப்பாற்றாது. அவர்கள் கூலியையும் சேர்த்து விழுங்கிவிடும். புது வீடு கட்ட முடியாதவர்கள் பழைய வீட்டைச் சரிசெய்வார்கள். ஒழுகும் மாடிக்குத் தட்டோடு, ஒரு குளியலறை, சுற்றுச்சுவர் என்று எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சின்ன வேலைக்குப் பணம் சீக்கிரம் கைக்கு வரும். உங்கள் ஆட்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யவையுங்கள். 1994 முதல் தமிழ்நாட்டில் இருக்கும் வாரியம் அது. வேலை நன்றாக ஓடும்போதே செய்துவிட வேண்டிய காரியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இருக்கும் வீட்டை முடித்துச் சாவி கொடுங்கள். லாபம் இல்லாவிட்டாலும் முடியுங்கள். நமக்கு விளம்பரப் பலகை கிடையாது. நாம் முடித்த வீட்டில் குடியிருப்பவர் பக்கத்து மனைக்காரரிடம் சொல்லும் வார்த்தைதான் உண்டு. மந்தம் தீர்ந்து ஊரில் மறுபடி அஸ்திவாரம் தோண்டும்போது, அந்த வார்த்தை யாருக்கு இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.